மாட்ரிட் வங்கியில் கற்ற பாடம்

அயல்நாட்டு ஆலயத்தில் மொழி அறியாமலே முழந்தாளிட்டு விடலாம். வங்கியிலோ வாய் திறந்தாக வேண்டும். ஸ்பெயின் தலைநகராகிய மாட்ரிட்டில் இதனை உணர்ந்தேன்.

பணம் எடுக்கச் சென்ற முதல் நாள், "கியெரோ" என்று தொடங்கினேன். 'வேண்டும்' என்பது பொருள். வரிசையில் நின்ற மூதாட்டி ஒருவர், "கிசியேரா" என்று மெல்லத் திருத்தினார். 'விரும்புவேன்' எனப் பணிவுடன் கேட்கும் வினைவடிவம் அது. "கிசியேரா சகார் தினேரோ" என்றால் பணம் எடுக்க விழைகிறேன் என்பதாம். பணம் செலுத்துவதற்குச் சொல் 'இங்ரெசார்'; உள்ளே புகுவித்தல் என்பது கருத்து. 'குவெந்தா' என்பது வங்கிக் கணக்கையும் குறிக்கும், உணவு விடுதியில் தரும் பில்லையும் குறிக்கும்.

"மே ஃபால்தான் தியெஸ் எயூரோஸ்" என்பது, 'எனக்குப் பத்து யூரோ குறைகின்றன' என்னும் வாக்கியம். இங்கே எழுவாய் நானல்ல, பணமே! நம் தமிழின் 'எனக்கு' என்னும் அமைப்பே அங்கும் இருப்பது கண்டு மகிழ்ந்தேன்.

எழுத்தரை 'உஸ்தெத்' என்று விளிக்க வேண்டும். 'உமது கருணை' எனப் பொருள்படும் பழந்தொடர் தேய்ந்து பிறந்த சொல் இது. ஆதலின் எதிரில் நிற்பவரிடம் பேசினும் வினைமுற்று படர்க்கையிலேயே முடியும்.

அன்று மாலை தெஸ்கால்சாஸ் ரெயாலெஸ் என்னும் கன்னியர் மடத்தைக் காணச் சென்றேன். அங்குப் பணியாற்றிய பிரான்சிஸ்கோ பிக்கேர் என்ற குரு, 1702-இல் காணிக்கைப் பெட்டியொன்றில் ஒரு வெள்ளிக் காசு இட்டு, ஏழைகளுக்கு அடகின்பேரில் வட்டியின்றிக் கடன் தரும் நிதியைத் தொடங்கினார். 'மோந்தே தெ பியெதாத்', அதாவது இரக்கத்தின் குவியல் என்பது அதன் பெயர். பெட்டியைக் குறிக்கும் 'காஹா' என்ற சொல்லே பிற்காலத்தில் சேமிப்பு வங்கிகளுக்கும் பெயராயிற்று.

கடனுக்கு அம்மொழியில் 'தெவுதா' என்பர். ஆண்டவர் கற்பித்த செபத்தில், மன்னிப்புக் கேட்கும் இடத்தில், 1988 வரை ஸ்பெயின் மக்கள் சொல்லி வந்ததும் இச்சொல்லையே. அதன்பின் 'குற்றங்கள்' எனப் பொருள்படும் சொல் அவ்விடத்தில் அமைந்தது.

கருணையும் இரக்கமும் மன்னிப்பும் கணக்கேட்டின் சொற்களோடு கலந்திருப்பதை அன்று கண்டேன். என் பிழையைக் கண்டு நகையாது, ஒரே சொல்லால் திருத்திய அம்மூதாட்டிக்கு நான் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. மொழி தெரியாமல் நம் ஊர் வங்கியில் எவரேனும் தயங்கி நின்றால், அதைத் தீர்க்கும் வாய்ப்பு நமக்கு வந்ததெனக் கொள்வோம்.