நீர் வரும் நேரம்

நுழையும் முன்

நாம் பிறந்ததைப் பதிவு செய்வதும், நம் தெருவுக்கு விளக்கிடுவதும், குழாயில் நீர் விடுவதும் எந்த அவையின் பொறுப்பு? அவ்வவையில் நம் குரல் எவ்வாறு ஒலிக்கும்? வெளிமாநிலத்தில் பணியாற்றும் தமிழாசிரியர் ஒருவர் தாம் கண்டதைக் கூறுகிறார்.



நாடாளுமன்றத்தில் நிகழ்வனவற்றை நாள்தோறும் செய்திகளில் காண்கிறோம். சட்டமன்றத்தைப் பற்றியும் அறிவோம். ஆனால், நம் தெருக் குப்பை எந்த நாளில் அள்ளப்படும், தெருமுனை விளக்கு எப்போது பழுது பார்க்கப்படும், குழாயில் நீர் எத்தனை மணிக்கு வரும் என்பன அங்கெல்லாம் முடிவாவதில்லை. அவற்றை முடிவு செய்யும் அவை, நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவிலேயே இருக்கிறது. பெருநகரங்களில் அதனை மாநகராட்சி மன்றம் என்றும், சிறு நகரங்களில் நகராட்சி மன்றம் என்றும் அழைக்கிறோம்.

1992ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத் திருத்தம், இவ்வவைகளுக்கு நாடு முழுவதும் உறுதியான இடம் அளித்தது. 74ஆவது திருத்தமான இது, 1993 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை, நகர அவைகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. சாலை, குடிநீர், துப்புரவு, தீயணைப்பு, பூங்கா, தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், பிறப்பு இறப்புப் பதிவு, இடுகாடு ஆகியவை அவற்றுள் சில. பிறந்த அன்று தொடங்கி இறுதி நாள் வரை ஒரு மனிதருக்குத் துணை வரும் பணிகள் இவை.

மத்திய அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக நான் பணியேற்றுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் நான்கு நகரங்களில் குடியிருந்துவிட்டேன். ஒவ்வொரு நகரிலும் முதல் நாளிலேயே நான் கேட்டறியும் செய்தி ஒன்றுண்டு. 'இங்கே தண்ணீர் எப்போது வரும்?' என்பதே அது. மொழி தெரியாத ஊரிலும் இவ்வினாவுக்கு விடை கூறாதவர் எவருமிலர்.

அந்நகரங்களுள் ஒன்றில் நிகழ்ந்ததை உங்களுக்குக் கூற விரும்புகிறேன். நகரின் பெயர் இங்குத் தேவையில்லை. உங்கள் நகரிலும் இது நிகழலாம்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர்களுள் அறுவர் ஒரே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பெற்றோர் விழுப்புரம், தருமபுரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். சிலர் தொடர்வண்டித் துறையில் பணிபுரிந்தனர். சிலர் இட்டிலி வண்டி வைத்திருந்தனர். அம்மாணவர் அறுவரும் ஒன்றுவிட்டு ஒருநாள் முதல் பாடவேளையிலேயே கண் அயர்வர். மறுநாள் தெளிவாக இருப்பர். இதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டு வியந்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாயிடம் இதுபற்றிக் கேட்டேன்.

"அவள் சோம்பலால் தூங்கவில்லை, சார். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் வரும். முக்கால் மணி நேரத்தில் நின்றுவிடும். நான் குடத்தைத் தூக்கிப் போவேன். அவள் குழாயடியில் இடம் விடாமல் நிற்க வேண்டும்" என்றார் அவர்.

மாமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு அத்தெருவினர் மூன்று முறை சென்று வந்திருந்தனர். ஒவ்வொரு முறையும் அங்கிருந்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். "உங்கள் தெருவில் எத்தனை ஓட்டு?" அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்த அத்தெருவில், பத்து வீட்டாரின் பெயர்கூட அந்நகரின் வாக்காளர் பட்டியலில் இல்லை. மற்றவர்களின் பெயர்கள் எல்லாம் சொந்த ஊர்ப் பட்டியலில் இருந்தன.

முறையாக ஒரு மனு எழுதலாம் என்று கூறினேன். அத்தாய் தமிழில் சொல்லச் சொல்ல, அவருடைய மகள் அதனை இந்தியில் எழுதினாள். "என் பிள்ளை பகலில் உறங்குகிறாள்" என்று அவர் தொடங்கியதை அப்படியே முதல் வரியாக வைத்தாள். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. தண்ணீர் வந்த நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு மாதம் முழுவதும் குறித்து, மாணவர்கள் ஓர் அட்டவணை அமைத்தார்கள். கையெழுத்திடத் தெரியாதவர்கள் பெருவிரல் பதித்தார்கள். மனுவை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் எண்ணும் பெற்று வந்தோம். அந்த எண்ணைக் கூறி அடுத்தடுத்துக் கேட்டபோது, "எத்தனை ஓட்டு?" என்னும் கேள்வி மறுபடி எழவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பின்னர் அம்மனு மாமன்றக் கூட்டத்தின் பொருள்பட்டியலில் இடம்பெற்றது.

அன்று நான் விடுப்பெடுத்துக்கொண்டு பெற்றோர் இருவருடன் சென்றேன். நுழைவுச் சீட்டுப் பெற்றுப் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்தோம். மேயர் உயர்ந்த இருக்கையில் இருந்து அவையை நடத்தினார். அவர் அருகே ஆணையர் அமர்ந்திருந்தார். மேயர் மக்கள் தேர்ந்தெடுத்த அவையின் தலைவர். ஆணையரோ அரசு அலுவலர். அவை எடுக்கும் முடிவைச் செயற்படுத்துவது ஆணையரின் பொறுப்பு.

முதலில் ஒரு சாலைக்குப் பெயர் சூட்டும் பொருள் வந்தது. அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. உறுப்பினர்கள் எழுந்து முழங்கினர். சிலர் வெளிநடப்புச் செய்து, தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினர். அடுத்து, மழையில் ஒழுகும் மாநகராட்சிப் பள்ளியின் கூரை. அது இரண்டே நிமிடங்களில் நிறைவேறியது. பின்னர் சந்தைக் கடைகளின் வாடகை, தெருநாய்கள், இடுகாட்டுக்கு விளக்கு ஆகியவை வந்தன. அவையில் எழும் ஓசைக்கும் பொருளின் பெருமைக்கும் தொடர்பில்லை என்பதை அன்று நேரில் கண்டேன்.

மதிய உணவுக்குப் பின் எங்கள் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர் விளக்கினார். மூன்று பகுதிகளுக்கும் நீர்த்தேக்கத் தொட்டி ஒன்றே, பெருங்குழாயும் ஒன்றே. ஒரு பகுதிக்கு வால்வைத் திறந்தால் மற்ற இரண்டிற்கும் மூட வேண்டும். ஆகவே, யாரேனும் ஒரு பகுதியினர் மூன்று மணிக்கு எழுந்துதான் ஆகவேண்டும் என்றார்.

எங்கள் பகுதி உறுப்பினர், மற்றொரு பகுதியுடன் நேரத்தை மாற்றித் தருமாறு கேட்டார். உடனே அப்பகுதியின் உறுப்பினரான முதிய பெண்மணி ஒருவர் எழுந்தார்.

"என் பகுதியிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை மூன்று மணிக்கு எழுப்பச் சொல்கிறீர்களா?"

அவை அமைதியாயிற்று. என் அருகில் அமர்ந்திருந்த அத்தாய்க்கு நான் அதனை மெல்லத் தமிழில் கூறினேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அம்மா சொல்வதும் நியாயம்தானே, சார்" என்றார்.

நெடுநேரம் பேசியபின் ஒரு முடிவு பிறந்தது. விடியற்காலை முறை இனி ஒரே பகுதிக்கு உரியதாக இராது. மூன்று பகுதிகளும் மாதத்திற்கு ஒன்றாக அதனை ஏற்கும். இரண்டாவது தொட்டி கட்டுவதற்கான செலவு மதிப்பீட்டை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். உறுப்பினர்கள் கைகளை உயர்த்தி ஒப்புதல் அளித்தனர். அந்த முதிய பெண்மணியும் கையை உயர்த்தினார்.

அடுத்த மாதம் முதல் அத்தெருவில் காலை ஐந்தரை மணிக்கு நீர் வந்தது. மூன்றாவது மாதம் மீண்டும் மூன்று மணி முறை வந்தபோது, எவரும் முறையிடவில்லை. தொட்டிக்குத் தூண் எழுப்பப் பள்ளம் தோண்டியிருந்த நிலையில் நான் மாற்றலாகி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் முடிவாகாமலேயே நின்றது. சட்டப்படி ஒருவருடைய பெயர் ஓரிடத்து வாக்காளர் பட்டியலில் மட்டுமே இருக்கலாம். வழக்கமாக வசிக்கும் இடத்துப் பட்டியலுக்குப் பெயரை மாற்றப் படிவம் 8 நிரப்ப வேண்டும். சில குடும்பத்தினர் நிரப்பினர். வேறு சிலர் மறுத்தனர். "ஊர்ப் பட்டியலில் பேர் இருந்தால்தான் ஊரில் நாங்கள் இருப்பதாக அர்த்தம். அதையும் எடுத்துவிட்டால் எங்களுக்கு எந்த ஊர்?" என்று ஒரு தந்தை கேட்டார். அவ்வினாவை எளிதாக ஒதுக்கிவிட இயலாது. பிறந்த ஊர்ப் பாசமும் வாழும் ஊர்த் தேவையும் ஒரே வரியில் எழுதப்பட வேண்டியிருக்கிறதே! அதற்குரிய விடையை ஒவ்வொரு குடும்பமும் கூடிப் பேசித்தான் காண வேண்டும்.

தமிழர்க்கு ஊரவை புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கினர். ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தனர். ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. கணக்குக் காட்டாதவருக்கு அவையில் மீண்டும் இடமில்லை. எனினும், நிலமும் மனையும் உடையவர்க்கே அங்கு வாய்ப்பு இருந்தது. கூலி செய்து வாழ்பவரின் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை. பெண்களின் பெயரும் விழவில்லை. இன்று 18 அகவை நிரம்பிய எவரும் வாக்களிக்கலாம். 21 அகவை நிரம்பியவர் நகர அவைக்குப் போட்டியிடலாம். இடங்களில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களுக்கு உரியது.

நாட்டுக்கு உழைத்த தலைவர்கள் பலர் இத்தகைய அவைகளில் பயின்றவர்களே. இராஜாஜி சேலம் நகராட்சிக்கும், பெரியார் ஈரோடு நகராட்சிக்கும், சர்தார் படேல் அகமதாபாத் நகராட்சிக்கும் தலைவராக இருந்தனர். நேதாஜி கல்கத்தாவின் மேயராக இருந்தார். குழாயையும் கால்வாயையும் அவர்கள் சிறுபொருளாகக் கருதவில்லை.

மாணவர்களே! நீங்கள் வீட்டில் தமிழும், தெருவில் வேறொரு மொழியும், பள்ளியில் இரண்டு மூன்று மொழிகளும் பேசுகிறீர்கள். இதனை ஒரு சுமையாகக் கருதாதீர்கள். மாமன்ற உறுப்பினரை இந்தியில் 'பார்ஷத்' என்பர். மராத்தியில் 'நகர்சேவக்', அதாவது நகரின் தொண்டர் என்பர். உங்கள் தாய் தமிழில் சொல்வதை அந்தத் தொண்டருக்குப் புரியும் மொழியில் எழுத உங்களால் இயலும். முதலில் உங்கள் வீடு எந்த வார்டில் உள்ளது என்பதைக் கேட்டறியுங்கள். அந்த எண்ணை இப்பாடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

சொற்பொருள்

கண் அயர்தல் – உறங்குதல்
குடும்பு – ஊரின் உட்பிரிவு
வாரியம் – குறிப்பிட்ட பணிக்கான குழு
அகவை – வயது
மனை – வீடு கட்டுவதற்குரிய நிலம்

பயிற்சி

1. மாணவர் அறுவரும் ஒன்றுவிட்டு ஒருநாள் வகுப்பில் உறங்கியதன் காரணம் யாது?
2. மேயரின் பணிக்கும் ஆணையரின் பணிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. "அந்த அம்மா சொல்வதும் நியாயம்தானே" – இக்கூற்றைப் பற்றி உங்கள் கருத்து என்ன?
4. வாக்குரிமை சொந்த ஊரில் இருக்க வேண்டுமா, வாழும் ஊரில் இருக்க வேண்டுமா? வீட்டில் கலந்து பேசி ஒரு பத்தி எழுதுக.
5. உங்கள் தெருவின் குறை ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டு, மாமன்ற உறுப்பினருக்குத் தமிழில் ஒரு மனு எழுதுக. பின்னர் அதனை உங்கள் நகரில் வழங்கும் மொழியில் எழுதுக.