தொலைந்த சொர்க்கத்தின் டாக்சி ஓட்டுநர்

கணினி விளையாட்டைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்ற கேள்வி எங்களுக்குள்ளேயே எழுந்தது. நாவலையும் சிறுகதையையும் பற்றிப் பேசிவந்த நாங்கள், துப்பாக்கியும் காரும் சிதறும் கண்ணாடியும் நிறைந்த ஒன்றை ஏன் தொடவேண்டும் என்று நண்பர் ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டார். இவ்வகை விளையாட்டுகளில் கதை என்பது பலகாரக் கடையில் சுற்றித் தரும் காகிதம் போன்றது, தின்று முடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம் என்பது அவர் கட்சி. பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும் என்பதை நாங்களும் மறுக்கவில்லை. ஆயினும் 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ‘மாஃபியா’ என்ற விளையாட்டை ஆடியவர்களிடம் பேசிப் பாருங்கள். எத்தனை பேரைச் சுட்டோம் என்று எவரும் சொல்வதில்லை. ஒரு மனிதனைப் பற்றியே சொல்கிறார்கள். அதுவும் தங்களுக்குத் தெரிந்த ஒருவன் செத்துப்போனதைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். காகிதத்தை எறிய மனமில்லாமல் மடித்து வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். அது ஏன் என்று யோசிப்பதே எங்கள் நோக்கம்.

இவ்விளையாட்டை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்கள் அல்லர். செக் குடியரசின் பெர்னோ நகரில் இயங்கிய இல்லூஷன் சாஃப்ட்வொர்க்ஸ் என்ற நிறுவனம், டேனியல் வாவ்ராவின் எழுத்திலும் இயக்கத்திலும் இதைச் செய்தது. கதை நிகழும் லாஸ்ட் ஹெவன், அதாவது தொலைந்த சொர்க்கம், எந்த வரைபடத்திலும் இல்லாத நகரம். சிகாகோவையும் நியூயார்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் கலந்து பிசைந்த ஒரு கற்பனை. மேட்டுத் தெருக்கள், டிராம் வண்டிகள், தலைக்கு மேலே தூண்களின்மீது ஓடும் இரயில், ஆற்றின்மீது பாலங்கள். 1930களின் அமெரிக்காவைத் திரைப்படங்கள் வழியாகவே அறிந்த நம்மைப் போன்றோருக்கு, இதுவும் வெளியிலிருந்து பார்த்துக் கட்டிய அமெரிக்காதான் என்பது ஒருவித நெருக்கத்தைத் தருகிறது. தெருக்களில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிதார் ஒலிக்கிறது. அவருடைய புகழ்பெற்ற குழு 1934இல்தான் அமைந்தது. ஆக 1930ஆம் ஆண்டின் தெருவில் அவ்விசை ஒலிப்பது காலமுரண். ஆனால் அதைக் கேட்டபடி பாலத்தைக் கடந்தவர்கள் யாரும் இதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

கதை எளியது. டாமி ஏஞ்செலோ ஒரு டாக்சி ஓட்டுநர். 1930ஆம் ஆண்டு, பொருளாதார வீழ்ச்சியின் தொடக்கம், மதுவிலக்குக் காலம். ஒரு நாள் இரவு, எதிரிக் கும்பலிடமிருந்து தப்பி ஓடிவரும் பாலியும் சாமும் துப்பாக்கியைக் காட்டி அவனுடைய வண்டியில் ஏறிக்கொள்கிறார்கள். அவன் அவர்களைக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்குச் சாலியேரி என்ற தாதா உறையில் பணம் வைத்துத் தருகிறார். மறுநாள் எதிரி மொரெல்லோவின் ஆட்கள் அவனைத் தேடிவந்து டாக்சியை அடித்து நொறுக்குகிறார்கள். உயிருக்குத் தப்பி ஓடியவனுக்குப் புகலிடமாகத் தெரிவது சாலியேரியின் மதுக்கடை ஒன்றுதான். அங்கே நுழைந்தவன் எட்டு ஆண்டுகள் கழித்து, 1938இல், ஓர் உணவு விடுதியில் நார்மன் என்ற துப்பறியும் அதிகாரியின் எதிரே அமர்ந்து, தனக்கும் தன் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகப் பேரம் பேசுகிறான். நாம் ஆடும் இருபது அத்தியாயங்களும் அவனுடைய இந்த வாக்குமூலம்தான். நடந்து முடிந்த ஒன்றையே நம் கைகள் மறுபடியும் நடத்துகின்றன என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இவ்விளையாட்டின் உயிர் துப்பாக்கிச் சண்டைகளில் இல்லை என்பது எங்கள் துணிபு. அது வண்டி ஓட்டுவதில் இருக்கிறது. நகருக்குள் மணிக்கு 40 மைலுக்கு மேல் சென்றாலோ சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ போலீஸ்காரர் துரத்தி வந்து நிறுத்தி அபராதம் விதிக்கிறார். துப்பாக்கியை வெளியே தெரியப் பிடித்தால் சங்கதி வேறு. தொடக்கத்தில் கிடைக்கும் கார்கள் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகின்றன. திருப்பத்தில் வேகம் குறைக்காவிட்டால் வழுக்குகின்றன. கொலை செய்யப் போகும் ஒருவன் சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்று, டிராமுக்கு வழிவிட்டு, வேக வரம்பைக் கவனித்தபடி போகிறான். முதல் நாள் எங்களில் பலருக்கு இது எரிச்சலாகவே இருந்தது. குற்ற உலகக் கதையில் போக்குவரத்து விதிகளுக்கு என்ன வேலை?

வேலை இருக்கிறது. இதற்கு முந்தைய ஆண்டு, 2001இல், ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ வெளிவந்திருந்தது. அதில் நாயகன் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசமாட்டான். நகரம் முழுவதும் அவனுடைய விளையாட்டுத் திடல். யாரை இடித்தாலும் சற்று நேரம் ஒளிந்திருந்தால் எல்லாம் மறக்கப்பட்டுவிடும். அதன் மகிழ்ச்சி ஒரு திருவிழாவின் மகிழ்ச்சி. நாங்களும் அதில் கலந்துகொண்டவர்கள்தாம், பாசாங்கு செய்வதற்கில்லை. ஆனால் திருவிழாவில் எவனுடைய சாவும் நம்மைத் தொடுவதில்லை. லாஸ்ட் ஹெவனில் நகரம் நமக்குச் சொந்தமானதன்று. அங்கே பிழைப்பு நடத்தும் பல்லாயிரம் பேரில் நாமும் ஒருவர். ஓர் அத்தியாயத்தில் முழுக்க முழுக்கச் சவாரி ஏற்றி இறக்குவதே வேலை. பயணி சொன்ன இடத்தில் நேரத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும், அவ்வளவுதான். இன்னோர் அத்தியாயத்தில் மதுக்கடை ஊழியரின் மகள் சாராவுக்குத் துணையாக அவள் வீடுவரை நடந்து செல்லவேண்டும். ஓட முடியாது, அவள் நடையின் வேகமே நம் வேகம். இந்த நடையும் இந்தச் சவாரியும்தான் டாமியை நமக்கு ஆளாக்குகின்றன. நாவலாசிரியன் பத்துப் பக்க வருணனையில் செய்வதை இங்கே நம் நேரத்தைக் கேட்டு வாங்கிச் செய்கிறார்கள். கொடுத்த நேரம் நம்முடையது என்பதால், அவன் வாழ்க்கையிலும் நமக்கொரு பங்கு சேர்ந்துவிடுகிறது.

(கார்ப் பந்தய அத்தியாயத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் விட்டால் ஆடியவர்கள் எங்களை மன்னிக்கமாட்டார்கள். பந்தய ஓட்டுநருக்கு அடிபட்டுவிட, டாமியே களத்தில் இறங்கவேண்டி வருகிறது. அதை வெல்வதற்குள் பலருக்கும் விரல் தேய்ந்துபோயிற்று. 2020இல் வந்த மறுவாக்கத்தில் அதை எளிதாக்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். நல்ல காரியம்.)

குற்றவுலகக் கதைகளில் நாயகனுக்கு மனசாட்சி இருப்பது புதிதன்று. விளையாட்டுகளில் இதைக் காட்டுவதற்கு ஒரு வாடிக்கையான முறையும் பின்னாளில் உருவாகிவிட்டது. கொல்வதா விடுவதா என்று திரையில் கேட்பார்கள், நாம் ஒரு பொத்தானை அழுத்துவோம், அதற்கேற்பக் கதை கிளை பிரியும். இதை ஏதோ பெரிய அறச் சாதனையாகச் சிலர் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. ‘மாஃபியா’ நம்மிடம் எதையும் கேட்பதில்லை. செய்தியைக் கைமாற்றிய ஒரு பெண்ணைக் கொல்லும்படி டாமிக்குக் கட்டளை வருகிறது. அந்த விடுதிவரை வண்டியை ஓட்டிச் செல்வதும் மாடி ஏறுவதும் வழியில் குறுக்கிடுபவர்களைச் சுடுவதும் நாம். அறைக்குள் நுழைந்ததும் ஆட்டம் நம் கையைவிட்டுப் போகிறது. ஊரைவிட்டு ஓடிப்போ, இனி இந்தப் பக்கமே தலைகாட்டாதே என்று சொல்லி அவளை விட்டுவிடுகிறான் டாமி. அந்த இரக்கம் நம்முடையதன்று. கொலைகளெல்லாம் நம் விரலால் நடந்தவை. இரக்கம் மட்டும் அவனுடையது. எங்களில் ஒருவர் இதைக் குறையாகச் சொன்னார். மற்றவர்களுக்கு இதுவே இவ்விளையாட்டின் ஆகக் கூர்மையான இடமாகப் படுகிறது. நம்மைவிடச் சற்று மேலானவனாக ஒரு பாத்திரம் நம் கையிலிருந்து விலகி நிற்பதைப் பார்க்கிறோம். இத்தனை நேரம் அவன் உடலுக்குள் இருந்து இதையெல்லாம் செய்தது யார் என்ற கேள்வி நம்மிடம் தங்கிவிடுகிறது.

அங்கிருந்து கூரைகளின்மீது தப்பி ஓடுபவன் ஒரு தேவாலயத்துக்குள் இறங்குகிறான். உள்ளே ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது. பெட்டியில் கிடப்பவன், டாமியும் பாலியும் முந்திய அத்தியாயத்தில் பழிவாங்கச் சென்று தாக்கிய கும்பலைச் சேர்ந்தவன். அன்று அந்தச் சண்டை நமக்கு ஒரு சண்டை மட்டுமே. முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டோம். இங்கே பெட்டியும் அதைச் சுற்றி அழுபவர்களும் பாதிரியாரும் இருக்கிறார்கள். எதிரிகள் விழுந்ததும் மறைந்துபோவது விளையாட்டுகளின் எழுதப்படாத விதி. அந்த விதியை இந்த இடத்தில் முறித்திருக்கிறார்கள். உடனே அங்கேயும் துப்பாக்கிகள் வெடிக்கத் தொடங்கிவிடுவது எங்களுக்குச் சற்று ஏமாற்றம்தான். அந்த மௌனத்தை இன்னும் கொஞ்சம் நீடிக்க விட்டிருக்கலாம்.

சாலியேரியின் நெடுநாள் ஆலோசகர் ஃபிராங்க், கும்பலின் கணக்குகளை அரசுத் தரப்பிடம் ஒப்படைக்கிறார். அவரைக் கொல்லும் பொறுப்பும் டாமியிடமே வருகிறது. விமான நிலையத்தில் மனைவியோடும் மகளோடும் நிற்கும் அவரையும் விட்டுவிடுகிறான். பிறகு ஒரு நாள், சுருட்டுப் பெட்டிகள் என்று சொல்லி எடுத்துவரப் பணித்த சரக்குக்குள் வைரங்கள் இருப்பதைப் பாலியும் டாமியும் காண்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்தவர்களிடம் உண்மையைச் சொல்லத் தாதாவுக்குத் தோன்றவில்லை. குடும்பம், விசுவாசம் என்று அதுவரை பேசப்பட்டவையெல்லாம் அந்தப் பெட்டியைத் திறந்த கணத்தில் சாயம் வெளுத்துப்போகின்றன. இருவரும் தாதாவுக்குத் தெரியாமல் ஒரு வங்கியைக் கொள்ளையிடுகிறார்கள். அடுத்து பாலி தன் வீட்டில் பிணமாகக் கிடக்கிறான். டாமியைத் தீர்த்துக்கட்ட அனுப்பப்பட்டவன் சாம். அன்று ஒரே டாக்சியில் ஒளிந்து தப்பிய மூவரில் ஒருவன் இறந்துவிட்டான். மற்ற இருவரும் ஓர் ஓவியக் கூடத்தில் ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். சாமின் வாயிலிருந்துதான் அது தெரியவருகிறது: வங்கிக் கொள்ளை மட்டுமன்று, டாமி உயிரோடு விட்டவர்களைப் பற்றியும் சாலியேரிக்குத் தெரிந்துவிட்டது. செய்த கொலைகளுக்காக எவரும் அவனைத் தண்டிக்க வரவில்லை. செய்யாமல் விட்ட கொலைகளுக்காகவே வருகிறார்கள். நம் மொழியில் இதற்கு ஊழ் என்று எளிதாகப் பெயர் சூட்டிவிடலாம். ஆனால் ஊழுக்கு முகம் இல்லை. இங்கே வருபவன் சாம். இத்தனை ஆண்டுகள் நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தவன்.

சாட்சி சொல்லி, ஊர் மாறி, பெயர் மாறி, குடும்பத்தோடு வாழும் டாமியின் வீட்டு வாசலில் 1951ஆம் ஆண்டு ஒரு கார் வந்து நிற்கிறது. புல்வெளியில் இருப்பவனிடம் இருவர் நடந்து வருகிறார்கள். பெயரைக் கேட்கிறார்கள். ஆம் என்கிறான். சாலியேரி நலம் விசாரித்ததாகச் சொல்லிச் சுட்டுவிட்டுப் போகிறார்கள். அதன்மேல் ஒலிக்கும் டாமியின் வாழ்க்கைத் தத்துவப் பேச்சு எங்களுக்கு அவ்வளவு உவப்பாயில்லை. புல்லின்மீது கிடக்கும் உடலே போதுமானதாக இருந்தது. இந்தக் காட்சியில் நம் கையில் எதுவும் இல்லை. இருபது அத்தியாயங்களாக அவனைச் சாகவிடாமல் காத்துவந்த விரல்கள் விசைப்பலகையின்மேல் சும்மா இருக்கின்றன. ஆடியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். செத்தால் முந்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம் என்பது எல்லா விளையாட்டுகளும் தரும் உறுதிமொழி. ‘மாஃபியா’ அதை இருபது அத்தியாயங்கள்வரை காப்பாற்றிவிட்டு, இருபத்தொன்றாவது இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இதோடு விட்டிருந்தாலும் போதும். 2010இல் ‘மாஃபியா 2’ வந்தது. வேறு நகரம், வேறு நாயகன், விட்டோ ஸ்கலெட்டா. அவன் நண்பன் ஜோ. கதையின் பிற்பகுதியில் இருவரும் ஒரு வட்டிக்காரனிடம் பெரிய கடன்பட்டு, அதை அடைக்கக் கிடைத்த வேலையையெல்லாம் செய்கிறார்கள். அவற்றுள் ஒன்று, ஒரு புறநகர் வீட்டில் குடும்பத்தோடு வாழும் நடுவயதுக்காரன் ஒருவனைக் கொல்வது. ஆம், அதே வீடு, அதே புல்வெளி. எட்டு ஆண்டுகளுக்கு முன் நாம் யார் உடலுக்குள் இருந்து டாக்சி ஓட்டினோமோ அவனிடம் கொலைகாரர்களை அழைத்துச் செல்லும் காரை இப்போது நாமே ஓட்டுகிறோம். சுடும்போது திரை நம்மிடமிருந்து ஆட்டத்தை வாங்கிக்கொள்கிறது. ஓட்டுவது மட்டும் நம் பொறுப்பு. முதல் விளையாட்டை ஆடாதவருக்கு இது பல வேலைகளில் ஒரு வேலை, கடனில் ஒரு பகுதி அடைந்தது, அவ்வளவே. ஒரே பணியை இரண்டு பேர் ஆடினால் ஒருவருக்கு அது ஒன்றுமேயில்லை, மற்றவருக்கு நெஞ்சடைப்பு. அந்த வேறுபாட்டை உண்டாக்கியது திரையில் உள்ள எதுவுமன்று, முன்பு கொடுத்த நேரம்தான்.

தொடக்கத்தில் பலகாரக் காகிதம் என்று வாதிட்ட நண்பர், நாங்கள் வற்புறுத்தியதால் இரண்டையும் அடுத்தடுத்து ஆடி முடித்தார். தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வீட்டை நோக்கிப் போகும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். வேக வரம்புக்குக் கீழேயே ஓட்டினேன் என்றார். போலீசுக்குப் பயந்தா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.