இலை போடாத பந்தி

ஆணி புடுங்குற கதை எழுதி ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். பொட்டி தட்டாத மக்கள் பயந்து ஓடிடாதீங்க, கல்யாணப் பந்தியை வச்சே சொல்லிடறேன்.

எங்க ஆபீஸ்ல குபர்னெட்டிஸ் ஓடுது. பல சர்வர்களை ஒண்ணாக் கட்டி மேய்க்கிற மென்பொருள், 2014-ல கூகுள் வெளியிட்டது. எங்ககிட்ட 12 சர்வர். அதுல 3 மட்டும் பணம் சம்பந்தப்பட்டது. அங்க நடக்கறதையெல்லாம் சேகரிச்சு வைக்கிற லாக் கண்டெய்னர் அந்த மூணுல மட்டும் ஓடணும்.

வழி சுலபம். மூணு சர்வருக்கும் ஒரு லேபிள் ஒட்டணும். யாமல் கோப்புல நோட்செலக்டர்னு போட்டு அதே லேபிளை எழுதணும். டீமன்செட்னு அறிவிச்சுட்டா, லேபிள் இருக்கிற ஒவ்வொரு சர்வர்லயும் ஒண்ணு ஓடும். சாம்பார் வாளி தூக்குறவர் மாதிரி. இலை போட்ட இடத்துல ஊத்துவார். இலை இல்லேன்னா பேசாம போயிட்டே இருப்பார்.

அந்த 'பேசாம'தான் வில்லங்கமே.

ஒரு சனிக்கிழமை, ரெண்டு தடவை பணம் எடுத்துட்டீங்கன்னு ஒரு வாடிக்கையாளர் புகார். லாக்கைத் தேடினா ஒரு சர்வர்ல நாலு நாள் கதையே காணோம். சேகரிக்க ஆளில்லாம பழசு மேல புதுசு எழுதி அழிஞ்சிருந்துச்சு. யாமலைக் கடைசியா தொட்டது யாருன்னு பார்த்தேன். மூணு மாசம் முன்னாடி சேர்ந்த பையன். அவசரக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும், "தம்பி, தெரியலேன்னா கேக்க மாட்டியா?"ன்னு எகிறிட்டேன். அவன் வாயே திறக்கல.

ராத்திரி தனியா உக்காந்து பார்த்தேன். டீமன்செட் 'வேண்டியது 2, ஓடுறது 2'ன்னு சமர்த்தா காட்டுது. சிவப்பு விளக்கு எதுவும் இல்ல. டெப்ளாய்மென்டா இருந்தா, இடம் கிடைக்காத பாட் 'பெண்டிங்'னு வாளியோட நின்னுக்கிட்டு இருக்கும், கண்ணுல படும். இங்க இலை ஒண்ணு குறைஞ்சா கணக்கே ஒண்ணு குறைஞ்சுடும்.

இலை ஏன் குறைஞ்சது? செவ்வாய்க்கிழமை பழைய சர்வரைக் கழட்டிட்டு புதுசு வச்சிருக்காங்க. பழசுக்கு லேபிள் ஒட்டினது நான்தான், போன வருஷம், கையால ஒரு கட்டளை அடிச்சு. எங்கயும் எழுதி வைக்கல. பையன் என் டாக்குமெண்டை வரி விடாம பார்த்துத்தான் புதுசை ஏத்தியிருக்கான். விட்டுப்போன வரி என்னோடது.

பணக் கணக்கை வங்கிப் பதிவோட ஒப்பிட்டுத் தீர்த்தோம். இப்ப லேபிள், சர்வரை உருவாக்குற அமைப்புலயே இருக்கு, புதுசு பொறக்கும்போதே ஒட்டிக்கிட்டு வரும். எண்ணிக்கை 3-க்குக் கீழ போனா அலாரம் அடிக்கும். 'டெயின்ட் போட்டிருக்கலாமே'ன்னு கேப்பீங்க. டெயின்ட் அடுத்தவனை உள்ள விடாது, அவ்வளவுதான். நம்ம ஆளைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்காது. அது லேபிள் வேலை.

திங்கட்கிழமை கூட்டத்துல, அதே ஆளுங்க முன்னாடி, "தப்பு என்னோடது, தம்பி மேல ஒண்ணுமில்ல"ன்னு சொன்னேன். தொண்டை கொஞ்சம் அடைச்சுது. எகிறும்போது அடைக்கல பாருங்க!

கூட்டம் முடிஞ்சு பையன் வந்தான். "அண்ணே, டாக்குமெண்ட்ல அந்த வரியை நான் சேத்துடட்டுமா?"

சேர்த்துட்டான். நான் எழுதினதை விடத் தெளிவா இருக்கு.