ஒரு பம்பும் பதினேழு வளைவுகளும்

பாலக்காட்டில் வாழும் நமக்கு எல்லை என்றால் வாளையாறு. மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்பதால், இரயிலும் பேருந்தும் மூச்சு வாங்காமல் மாநிலம் விட்டு மாநிலம் செல்கின்றன. இடுக்கி எல்லையோ அவ்வாறன்று. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எவ்வழியே சென்றாலும் மலையேறியே தீரவேண்டும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. அங்குள்ள ஏலக்காடுகளில் பழம் பறிக்கத் தமிழ்ப் பெண்கள் இன்றும் பொழுது விடியுமுன் ஜீப்பில் ஏறுகிறார்கள்.

அத்தகைய ஜீப் ஒன்று போடிநாயக்கனூரில் எங்கள் அத்தானிடம் உண்டு. வயதான வண்டி. சென்ற ஐப்பசியில் தீபாவளிக்குச் சென்றிருந்த நாங்கள், அதற்குத் தண்ணீர்ப் பம்பு மாற்றப்பட்டதை அருகிருந்து கண்டோம்.

எஞ்சினின் முகப்பில் கையகலமே உள்ள வார்ப்பிரும்புப் பண்டம் அது. பெல்ட் அதன் தண்டைச் சுழற்ற, உள்ளிருக்கும் சிறு சக்கரம் ரேடியேட்டரில் ஆறிய நீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. மலையேற்றத்தில் இதன் பாடு பெரும்பாடு. வண்டி முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்வதால் எதிர்காற்று குறைவு. எஞ்சினோ முழு மூச்சாய் உழைக்கிறது. போதாக்குறைக்கு, 4,000 அடி உயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 96 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் ரேடியேட்டருக்கு அழுத்தத்தை அடக்கிவைக்கும் மூடி போட்டிருக்கிறார்கள். சூட்டோடு அதைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு.

பம்பின் அடிவயிற்றில் ஒரு சிறு துளை இருக்கிறது. சீல் தேய்ந்தால் நீர் பேரிங்குக்குள் புகாமல் வெளியே சொட்டட்டும் என்று செய்தவர்களே விட்ட துளை. அத்தான் அதில் சோப்பைக் குழைத்து அடைத்து ஒரு வாரம் ஓட்டியிருந்தார். பட்டறைத் தம்பி விசிறியைப் பிடித்து ஆட்டினார், தண்டோடு ஆடியது.

“ஓட்டைய அடைச்சா தண்ணி நிக்கும்ணே, பேரிங் நிக்காது.”

விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது. பேரிங் உடைந்தால் அதன் இறக்கை ரேடியேட்டரைக் கிழிக்கும். பண்டிகைச் செலவையும் பறிப்புக் காலத்தையும் அத்தான் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். “மேல ஏறுறது நீங்க மட்டுமா?” என்று தம்பி கேட்டதும் சாவியை நீட்டிவிட்டார்.

ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தபோது வந்த நீர் செம்மண் குழம்பாக இருந்தது. சாலையோர ஊற்றுநீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றியதன் பலன்! கழற்றிய பம்பின் சக்கரத்தில் துரு தின்றதுபோக எஞ்சிய இறக்கைகள் அப்பளம்போல் மெலிந்திருந்தன. புதிய பம்பை மாட்ட அரைமணி ஆயிற்று என்றால், எஞ்சின் முகத்தில் ஒட்டிய பழைய பேக்கிங்கைச் சுரண்ட ஒருமணி ஆயிற்று. துணுக்கு மிஞ்சினாலும் அவ்வழியே கசியுமாம். அந்தப் பொறுமையை எந்த அலுவலகத்திலும் நாம் கண்டதில்லை. போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்கினார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, அரை அங்குலம் தாழ்கிறதா என்று பார்த்தார். கூலண்ட் கலந்த நீரை ஊற்றி, மூடியின்றி எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழி அடங்கும்வரை நின்றார்.

அன்று ஜீப் போகவில்லை. வழக்கமாக ஏறுபவர்களில் சிலர் வேறு வண்டிகளில் நெருக்கியடித்து ஏறினர்; சிலர் வீடு திரும்பினர்.

மறுநாள் விடியலில் நாங்களும் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டோம். 17 கொண்டையூசி வளைவுகளிலும் சூடுகாட்டும் முள் நடுவைத் தாண்டவில்லை. போடிமெட்டில் அத்தான் இறங்கி, துளையின் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, காய்ந்த விரலை எங்களிடம் காட்டினார்.

பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டார்: “வண்டி சரியாப்போச்சு. நேத்துக் கூலி போச்சேண்ணே, அதுக்கு என்ன செய்ய?”

அத்தான் பதில் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.