துறைமுகத்தில் இறங்கிய பந்து

திருகோணமலைக்கு வரும் யாத்திரிகர் சுவாமி மலையேறிக் கோணேசப் பெருமானைத் தரிசிப்பர். கன்னியாவுக்குச் சென்று ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் நீராடுவர். நிலாவெளிக் கடலிற் கால் நனைத்துவிட்டு மூட்டையைக் கட்டிவிடுவர். மாலை நான்கரை மணிக்குமேல் இவ்வூரின் வெளிகளில் நடப்பதைப் பார்க்க நின்றவர் சிலரே. கடற்கரை மணலிலும், பள்ளிக்கூட முற்றத்திலும், மக்கெய்சர் மைதானத்திலும், காலுக்கும் பந்துக்கும் இடையே ஓயாது நடக்கும் வழக்கு அப்பொழுதுதான் விசாரணைக்கு வருகிறது. நகருக்குள் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்களும், அந்த ஆரவாரம் தமக்குப் பழகிப்போன ஒன்று என்பதுபோல், ஒதுங்கி நின்று புல் மேய்கின்றன.

தமிழ்நாட்டார் கால்பந்து என்று சொல்வதை ஈழநாட்டில் நாம் உதைபந்தாட்டம் என்கிறோம். ஆங்கிலப் பெயரில் காலும் பந்தும் உண்டு, உதை இல்லை. அதனைச் சேர்த்தவர் நம்மவரே. இந்த ஆட்டத்தை எட்ட நின்று பார்த்தவனைவிட, முழங்காலில் அதன் சுவையை அறிந்தவனே இப்பெயரை இட்டிருக்கவேண்டும் என்பது என் துணிபு.

பந்து இவ்வூருக்கு எவ்வழியாக வந்தது என்பதைத் துறைமுகத்தைப் பார்த்தாலே அறியலாம். கொட்டியாரக் குடாவைக் கடந்து உள்ளே நுழைந்தால், குன்றுகள் நாற்புறமும் காவல் நிற்க, பெருங்கப்பல்களும் அஞ்சாது புகத்தக்க ஆழமுடைய உள்துறைமுகம் விரிகிறது. இயற்கையாய் அமைந்த துறைமுகங்களுள் உலகின் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுவது இது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் இதற்காகப் பொருதினர். 1795இல் இதனைக் கைப்பற்றிய பிரித்தானியர், இலங்கை சுதந்திரம் பெற்ற பின்பும் விட மனமின்றி, 1957 அக்டோபர் வரையில் தம் கடற்படைத் தளமாகவே வைத்திருந்தனர்.

மாதக்கணக்கிற் கப்பல் தட்டில் அடைபட்டுக் கிடக்கும் மாலுமிக்குக் கரை என்பது இரண்டே இடங்கள்: ஒன்று மதுச்சாலை, மற்றது மைதானம். மேலதிகாரிகள் இரண்டாவதையே ஊக்குவித்ததில் வியப்பில்லை. கப்பலுக்கு ஓர் அணி, படைப்பிரிவுக்கு ஓர் அணி என்று அவர்கள் ஆடினர். கப்பற்றளத்திற் கூலிக்கும் கணக்கெழுதும் உத்தியோகத்துக்கும் சென்ற நம்மவர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தனர். உருண்டு வந்த பந்தை எடுத்துக் கொடுத்தனர். ஆள் குறைந்த நாளில் உள்ளே இறங்கினர். வெள்ளையர் கப்பலேறியபோது பந்து மட்டும் கரையில் நின்றுவிட்டது.

ஆனால் மாலுமியின் கையிற் பந்தைக் கொடுத்தவன் ஒரு மாணவன் என்பதைப் பலர் அறியார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்திலே பெரும்பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஆட்டவிதி இருந்தது. ஒரு பள்ளியில் பந்தை மார்போடணைத்து ஓடலாம். மற்றொன்றில் அவ்வாறு ஓடுவது பெருங்குற்றம். ஓரிடத்தில் எதிரியின் முழந்தாளை உதைப்பது ஆட்டத்தின் அங்கம், வேறோரிடத்தில் அநாகரிகம். இப்படிப் பலவாறு பழகிய இளைஞர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வந்து கூடியபோது, ஆட்டத்தைவிடத் தர்க்கமே மிகுந்தது. ஆகவே 1848இல் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பொதுவிதி ஒன்றை எழுதினர். 1863இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் தோன்றிய காலத்தில், அதன் சட்டங்களை வகுத்தோர்க்குக் கேம்பிரிட்ஜ் மாணவரின் விதிகளே பெருந்துணையாயின. வெவ்வேறு ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து விளையாட வேண்டும் என்ற தேவையே இந்த ஆட்டத்துக்குச் சட்டம் கொடுத்தது.

கேம்பிரிட்ஜ் சட்டம் எழுதிற்று. ஒக்ஸ்போர்ட் கிண்ணம் வென்றது. 1874 மார்ச் 14ஆம் நாள் இலண்டன் ஓவல் மைதானத்தில், இங்கிலாந்துச் சங்கக் கிண்ண இறுதியாட்டத்தில், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அணி அரச பொறியியற் படையை இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்தது. மாணவரும் படைவீரரும் எதிரெதிர் நின்ற ஆட்டம் அது. 1873, 1877, 1880 ஆகிய ஆண்டுகளிலும் அப்பல்கலைக்கழகம் இறுதியாட்டம் வரையில் வந்து தோற்றது. பிறகு ஊதியத்துக்கு ஆடும் வீரர் களத்துக்கு வந்தனர். பல்கலைக்கழகம் எதுவும் அக்கிண்ணத்தை மறுபடி தொடவில்லை. மாணவர் அமைத்த ஆட்டத்தைப் படைவீரரும் மாலுமியரும் வணிகரும் சுமந்து கடல் கடந்தனர். அப்படிப் பந்து இறங்கிய கரைகளுள் ஒன்று திருகோணமலை.

இங்கு பந்து முதலிலும் பல்கலைக்கழகம் மிகப் பிந்தியும் வந்தன. இடைப்பட்ட காலம் எளிதானதன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் அமிழ்ந்தது. அந்தப் புகை அடங்கி மூன்று மாதம் ஆகுமுன், ஜூலை முதலாம் நாள், இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே பிறந்தது. ஒரு காலத்தில் இவ்வூர் இந்துக் கல்லூரியை நடத்திய சுவாமி விபுலாநந்தர் 1943இல் அப்பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். ஆசிரியர் சென்ற வழியே மாணவரும் செல்லவேண்டியிருந்தது. திருகோணமலைப் பிள்ளை பட்டம் பெற வேண்டுமாயின் இரயிலேறிக் கொழும்புக்கோ, பின்னாளிற் பேராதனைக்கோ, 1974க்குப் பின் யாழ்ப்பாணத்துக்கோ போதல் வேண்டும். நல்ல பந்தாட்டக்காரன் ஒருவன் படிப்பிலும் வல்லவனாயின், ஊர் அணிக்கு அது நட்டமாகவே முடிந்தது.

1981இல் மட்டக்களப்புக்கு வடக்கே வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தொடங்கப்பெற்று, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாய் உயர்ந்தது. திருகோணமலையில் 1993இல் ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி அமைந்தது. 2001இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாயிற்று. தாயகமான வந்தாறுமூலைக்கும் இவ்வளாகத்துக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். கரையோர வீதியாற் போவதாயின், அந்நாளிற் கழிமுகம்தோறும் இறங்கி, இயந்திரத் தோணியை எதிர்பார்த்துக் காத்து நிற்கவேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இற் திறக்கப்பட்டது. அதன் பின்னரே கிண்ணியா இளைஞன் தோணியின் நேரத்தைப் பாராமல் நகரத்து மைதானத்தில் ஆட்டம் முடியும்வரை நிற்க முடிந்தது. பாலம் கட்டியவர் வியாபாரத்தை எண்ணிக் கட்டினர். மேலதிக நேர ஆட்டத்துக்கும் அது உதவிற்று.

வளாகத்தைப் பார்க்க விரும்புவோர் நகரின் கடற்கரையிலிருந்து புறப்படுவது நன்று. காந்தி சிலையின் அருகே கடலை நோக்கி இளைஞர் மாலைதோறும் கூடுமிடம் அது. 2006 ஜனவரி 2ஆம் நாள் அங்குக் கூடியிருந்த மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஐவரும் பல்கலைக்கழகப் பருவத்தினர். அவ்வழக்கிற் குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப்படையினர் 13 பேரும் 2019இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். மாலையில் ஒரு பிள்ளை வெளியே சென்று பந்தாடிவிட்டு இருட்டியபின் வீடு திரும்புவது மற்றை ஊர்களிற் சாதாரணச் செய்தி. 1983 முதல் 2009 வரையில் இவ்வூர்த் தாய்மார்க்கு அது சாதாரணமாய் இருக்கவில்லை என்பதை மறந்துவிட்டு இங்குள்ள விளையாட்டைப் பற்றி எழுதுவது முறையாகாது.

நிலாவெளி வீதியில் வடக்கே செல்லும்போது, உப்புவெளிப் பகுதியில் இரண்டாம் உலகப் போரில் இறந்த பொதுநலவாயப் படையினரின் மயானம் இருக்கிறது. சீராய் வெட்டிய புல்லின் நடுவே வெண்கற்கள் வரிசையாய் நிற்கின்றன. கற்களிற் பொறித்த வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் நெஞ்சு கனக்கும்: இருபது, இருபத்தொன்று, இருபத்துமூன்று. பந்தைக் கொண்டுவந்த தலைமுறைகளின் கடைசி வரிசையினர் இவர்கள். இங்கிருந்து சாம்பல்தீவைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால், அதே வயதினர் புத்தகமும் கையுமாய்ப் பேருந்துக்குக் காத்து நிற்கும் கோணேசபுரி வந்துவிடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறி வந்த கரை இது. பனையும் தென்னையும் மீண்டு நிற்கின்றன.

கோணேசபுரியிற் பந்தாடுவோர்க்கு எதிரணியைவிடப் பெரிய எதிரி காற்று. வைகாசி தொடங்கி ஆவணிவரை வீசும் கச்சான், தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வெப்பத்தோடு சாடுகிறது. உயர அடித்த பந்து அடித்தவனை மதியாது. காற்றின் வழியே ஓடிவிடும். ஆகவே இங்கு ஆடுவோர் பந்தைத் தரையோடு தரையாய், ஒருவர் காலிலிருந்து மற்றவர் காலுக்குச் சுருக்கமாய்க் கொடுத்துப் பழகவேண்டும். ஐப்பசிக்குப்பின் வாடை மழை கொட்டும்போது கதை மாறும். மலைநாட்டிலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் புதிதாய் வந்த மாணவன், முதல் வாரத்தில் வானத்தை நோக்கி உதைத்துவிட்டு, பந்தைத் தேடிப் பற்றைக்குள் அலைவான். அடுத்த ஆண்டு அவனே புதியவனுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் சொல்வான். பல்கலைக்கழக அணி என்பதன் இயல்பு இதுதான். ஊர்க் கழகத்தில் ஒருவன் பதினைந்து ஆண்டு ஆடலாம். மாணவனுக்குக் கிடைப்பது மூன்றோ நான்கோ ஆண்டுகள். பழகி முடிந்தவன் பட்டத்தோடு போய்விடுகிறான். ஒவ்வோர் ஆண்டும் பாதி அணியைப் புதிதாய்க் கட்டவேண்டும்.

2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி இம்மாவட்டத்திற் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், மூவருக்குச் சற்றுக் குறையச் சிங்களவர். இலங்கையில் மூவினமும் இவ்வளவு நெருங்கிய அளவிற் கலந்து வாழும் மாவட்டங்கள் மிகக் குறைவு. பள்ளிக்கூடங்களோ மொழிவாரியாகவும் சமயவாரியாகவும் பிரிந்தவை. அண்டை ஊர்ப் பிள்ளையின் பெயரை அறியாமலே பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கலாம். வளாகத்திற்கு வந்தபின்தான் ஒருவன் மற்றவனுக்குப் பந்தைக் கொடுக்க நேர்கிறது. “இங்கே தா” என்பதை மூன்று விதமாகச் சொன்னாலும் கால் ஒரே திசையிலேயே திரும்பவேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவர் மேசையைச் சுற்றி அமர்ந்து தீர்த்த சங்கடம் இங்கு வேறு உருவத்தில் வந்து நிற்கிறது.

இவ்வளாகத்தில் சித்த மருத்துவம் பயில்வோரும் உளர். மருத்துவம் படிப்பவனுக்குப் பந்து எதற்கு என்று கேட்கும் பெற்றோர்க்கு ஒன்று சொல்லலாம். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய நாகநாட்டு வீரர் தலிமெரன் ஆவோ கல்கத்தாவில் மருத்துவம் பயின்றவர். பின்பு வைத்தியராய்ப் பணியாற்றினார். பெரும்பாலார் வெறுங்காலோடு ஆடிய அவ்வணி பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கிலேயே தோற்றது. 1911இற் கிழக்கு யோர்க்ஷயர்ப் படைப்பிரிவை வென்று வங்காளத்தையே தெருவில் இறக்கிய மோகன் பகான் அணியிலும், சப்பாத்து அணிந்திருந்த ஒரேயொருவர் கல்லூரி ஆசிரியரான சுதிர் சட்டர்ஜி.

இப்பெயர்களை நாம் இன்று சொல்ல முடிவது, அன்று யாரோ ஒருவர் குறித்து வைத்தமையால். 1874இல் ஆடிய ஒக்ஸ்போர்ட் மாணவர் பதினொருவரின் பெயரும் ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் அழியவில்லை. திருகோணமலை வளாகத்து அணிக்கும் ஒரு தடித்த குறிப்பேடு வேண்டும் என்பது என் விண்ணப்பம். எந்நாள், எவ்வூர், எதிரணி எது, ஆடினோர் யார், காற்று எப்பக்கம், மத்தியஸ்தர்மீது கோபித்தவர் யார் என்பன எல்லாம் மும்மொழியிலும் எழுதப்படல் வேண்டும். செலவு மிகச் சிறிது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முற்றாய் மாறிப்போகும் அணிக்கு வேறு ஞாபகம் எங்கிருந்து வரும்?

போக விரும்புவோர் நகரப் பேருந்து நிலையத்தில் நிலாவெளிப் பேருந்து ஏறலாம். கச்சான் தணியும் மாலை ஐந்து மணிக்கு அங்கிருப்பது நல்லது. கோட்டுக்குக் கிழக்கே நிற்காதீர்கள்; பந்து அப்பக்கமே வரும், எடுத்துக் கொடுக்கும் வேலை உங்களுடையதாகிவிடும்.