லாக்கர்களை எண்ணியவர்

வாடகை ஆட்டோ ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். காலையில் வண்டியை எடுக்கும்போதே அன்றைய நாள் கடனில்தான் தொடங்குகிறது. சவாரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ராத்திரி வண்டிக்குச் சொந்தக்காரரிடம் நாள் வாடகை கொடுத்தாக வேண்டும். முதல் சில மணி நேர ஓட்டம் வாடகைக்கு. அடுத்தது கேஸுக்கு. மிச்சம் இருந்தால் வீட்டுக்கு.

அமெரிக்காவின் ஸ்ட்ரிப் கிளப்புகள் பலவற்றில் ஆடுகிற பெண்களின் கணக்கும் இதுதான். கிளப் அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை, அவர்கள்தான் கிளப்புக்குப் பணம் கட்டுகிறார்கள். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ‘ஸ்டேஜ் ஃபீ’. அதற்கு மேல் பாட்டுப் போடும் டிஜேவுக்கு ஒரு பங்கு, பார்டெண்டருக்கு ஒரு பங்கு, வாசலில் நிற்பவருக்கு ஒரு பங்கு. மேடையோரம் உட்கார்ந்திருப்பவர்கள் வைக்கும் ஒற்றை டாலர் நோட்டுகளும், தனி நடனத்துக்குப் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதும்தான் வருமானம். காகிதத்தில் அவர்கள் ஊழியர்கள் அல்லர், சுயதொழில் செய்பவர்கள். அதனால் வருமான வரி போக, 15.3 சதவீத சுயதொழில் வரியையும் அவர்களே கட்ட வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது என் பக்கத்து வீட்டுக்காரரால். ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டுக்கு மேற்கே இருக்கும் பீவர்ட்டனில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். சிப் கம்பெனிகளும் மழையும் நம் ஆட்களும் நிறைந்த பகுதி. என் அபார்ட்மெண்டுக்கு எதிர்க் கதவு அவருடையது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’தான் என்றாலும், தமிழில் எழுதும்போது எனக்கு ‘நீங்க’ என்றுதான் வருகிறது. கீழே துணி துவைக்கும் அறையில், காயும் மெஷின் நிற்பதற்குக் காத்திருந்த நேரங்களில் பழக்கமானோம்.

ஒரு கோடையில் அம்மா வந்திருந்தபோது அவரிடம் என்ன வேலை என்று விசாரித்தார். டான்ஸர் என்றார். அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும், “டான்ஸ்னா முட்டிதான் முதல்ல போகும். நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லுடி” என்றார். அது சரியாகத்தான் இருந்தது. அவருடைய இடது முட்டி அப்போதே போக ஆரம்பித்திருந்தது.

அடுத்த பிப்ரவரியில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கிழக்கு போர்ட்லண்டில் புதிதாக ஒரு கிளப் திறக்கப் போகிறார்கள். முதல் தொண்ணூறு நாள் ஸ்டேஜ் ஃபீ கிடையாது. எந்த ஷிஃப்ட் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். பதினொரு வருடமாக ஆடுகிறவர், அதில் ஆறு வருடம் ஒரே கிளப். போவதா வேண்டாமா? “நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, ஒரு ஷீட் போட்டுத் தா” என்றார்.

போட்டேன். என் வயதில் இருக்கிற எந்த ஐடி ஆளுக்கும் இது கைவந்த வேலை. ஆஃபர் லெட்டர்களை ஒப்பிட்டே வளர்ந்தவர்கள் நாம். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. அவர் வாரத்துக்கு நான்கு ஷிஃப்ட். செவ்வாய், வியாழன் முப்பது முப்பது டாலர், வெள்ளி, சனி எழுபது எழுபது. ஆக, வாரம் 200 டாலர் கட்டுகிறார். தொண்ணூறு நாளைப் பதின்மூன்று வாரம் என்று வைத்தால் 2600 டாலர் மிச்சம். அந்தக் கட்டத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். ஜாயினிங் போனஸ் மாதிரி அழகாக இருந்தது.

அவர் அதைப் பார்த்துவிட்டு, “இன்னொரு ஷீட் திற” என்றார்.

அதில் ஏழு ஆண்கள். பெயர் கிடையாது. ‘லாரி’, ‘மீன்காரர்’, ‘மனைவி இறந்தவர்’, இப்படித்தான். இவர்கள் அவருடைய ரெகுலர்கள். அவருடைய வார வருமானத்தில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஏழு பேரிடமிருந்து. பக்கத்துக் காலத்தில் ஒரே கேள்வி: ஆற்றைத் தாண்டி வருவாரா?

நான் வழக்கம்போல நிகழ்தகவு போடச் சொன்னேன். லாரிக்காரருக்கு 0.3, மீன்காரருக்கு 0.6 என்று. அவர் சிரித்தார். “மூணுல ஒரு பங்கு ஆள் கதவைத் திறந்துட்டு உள்ள வர மாட்டான். வருவான், இல்லைன்னா வர மாட்டான்.” ஒவ்வொருவராக யோசித்து 1 அல்லது 0 போட்டார். லாரிக்காரர் ஹைவேயிலிருந்து இறங்குகிற இடம் என்பதால் அங்கே நிறுத்துகிறார். 0. மனைவி இறந்தவர் நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறார், ராத்திரியில் கார் ஓட்டுவதில்லை. 0. இன்னொருவருக்கு மூலை நாற்காலி, கேட்காமலே அவருடைய பியரை ஊற்றி வைக்கிற பார்டெண்டர். “அவன் என்னைப் பார்க்க வர்றான்னு அவனே நினைச்சுட்டு இருக்கான். நாற்காலியைப் பார்க்கத்தான் வர்றான்.” 0. கடைசியில் தேறியது இரண்டு பேர்.

எங்கள் தெரு டைலர் நாலு தெரு தள்ளிக் கடையை மாற்றியபோது இதுதான் நடந்தது. அதே கை, அதே தையல். ஆனாலும் பாதிப் பேர் போகவில்லை. வாடிக்கை என்பது ஆளுக்கும் இடத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. முழுதாகத் தூக்கிக்கொண்டு போக முடிவதில்லை.

‘இரண்டு இடத்திலும் ஆடலாமே’ என்று கேட்டேன். பழைய கிளப் மேனேஜருக்குத் தெரிந்தால் அடுத்த வார ஷெட்யூலில் பெயர் இருக்காது என்றார். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, இன்ஷூரன்ஸ் கிடையாது, ஏனென்றால் நீ சுயதொழில்காரி. ஆனால் வேறு இடத்தில் தொழில் செய்யக்கூடாது! இந்த முரண்பாட்டைத்தான் பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2018-ல் டைனமெக்ஸ் என்ற கூரியர் கம்பெனி வழக்கில் பிடித்தது. வேலை செய்பவர் உன் கட்டுப்பாட்டில் இல்லை, உன் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்கிற வேலையைத்தான் செய்கிறார், அவருக்கென்று தனித் தொழில் இருக்கிறது, இந்த மூன்றையும் நிரூபித்தால்தான் அவர் சுயதொழில்காரர் என்றது. ஸ்ட்ரிப் கிளப்பில் நடனம் வழக்கமான தொழில் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதற்குப் பிறகு அங்கே பல கிளப்புகள் நடனக்காரர்களை ஊழியர்களாக எடுத்துக்கொண்டு, தனி நடனக் காசில் பெரிய பங்கைப் பிடிக்க ஆரம்பித்தன. ஆனால் இது ஓரிகன். அந்தத் தீர்ப்பு எல்லையைத் தாண்டி வராது.

ஓரிகனுக்கு வேறொரு விசேஷம் உண்டு. அந்த மாநில அரசியல் சாசனத்தின் கருத்துச் சுதந்திரப் பிரிவு அமெரிக்க சாசனத்தைவிட விரிவானது. நிஸா என்ற சின்ன ஊர், ஆடுகிறவர் பார்வையாளரிடமிருந்து நான்கு அடி தள்ளி நிற்க வேண்டும் என்று போட்ட சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2005-ல் செல்லாது என்றது. அதனால் போர்ட்லண்டில் கிளப்புகள் மிக அதிகம். எல்லாவற்றிலும் சமையலறை இருக்கும், ஏனென்றால் முழு மது உரிமத்துக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். மூலையில் மாநில லாட்டரியின் வீடியோ போக்கர் மெஷின்கள் இருக்கும், ஒரு கடைக்கு ஆறு வரை. ஆக முதலாளிக்கு நான்கு வரவு: மது, சாப்பாடு, லாட்டரி கமிஷன், ஸ்டேஜ் ஃபீ. முதல் மூன்றுக்கும் உள்ளே வாடிக்கையாளர் வர வேண்டும். நான்காவதுக்கு நடனக்காரர் வந்தால் போதும்.

இந்தக் கடைசி வாக்கியம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. புதுக் கட்டடத்தைப் பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை, என் காரில் போனோம். முன்பு ஏதோ மரச்சாமான் கடையாக இருந்த பெரிய கட்டடம். தச்சர்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், வார்னிஷ் வாசனை. மூன்று மேடைகள். மேனேஜர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். விளக்குகளைக் காட்டினார், ஸ்பீக்கரைக் காட்டினார். ஒரு ஷிஃப்டுக்கு இருபது பேருக்கு மேல் எடுக்க மாட்டோம் என்றார். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறி நடந்தார். குதிகாலால் நாலைந்து இடத்தில் தட்டிப் பார்த்தார். மரம். முட்டிக்கு நல்லது. கம்பியைப் பிடித்து உலுக்கினார். பார்க்கிங்கில் விளக்குக் கம்பம் எத்தனை, ராத்திரி இரண்டரைக்குக் காருவரை கூட வருவது யார் என்று கேட்டார். பிறகு உடை மாற்றும் அறைக்குள் போய் ஐந்து நிமிடம் கழித்து வந்தார்.

காரில் ஏறியதும், “அம்பத்திரண்டு” என்றார்.

“என்னது?”

“லாக்கர்.”

கிளப் லாக்கர் யாருக்கும் நிரந்தரம் கிடையாதாம். பூட்டை நாம் கொண்டுபோக வேண்டும், ஷிஃப்ட் முடிந்ததும் காலி செய்ய வேண்டும். அவருடைய பழைய கிளப்பில் பதினாறு. அதனால் சனிக்கிழமையிலும் பதினாறு பேர்தான். இங்கே ஐம்பத்திரண்டு செய்து மாட்டியிருக்கிறார்கள். இருபது பேருக்கு மேல் எடுக்காதவருக்கு எதற்கு ஐம்பத்திரண்டு?

வீட்டுக்கு வந்து நானே கணக்குப் போட்டேன். தொண்ணூறு நாளுக்குப் பிறகு ஆளுக்கு ஐம்பது டாலர் ஃபீ என்று சொல்லியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு லாக்கரும் நிறைந்தால், ஒரு பாட்டில்கூடத் திறக்காமல் ஒரே ராத்திரியில் முதலாளிக்கு 2600 டாலர். தொண்ணூறு நாளில் அவருக்கு மிச்சம் என்று நான் பச்சை அடித்து வைத்திருந்த அதே தொகை. கூட்டம் வந்தால் லாபம். வராவிட்டாலும் ஃபீ வரும். புதுக் கடை ஓடுமா என்ற சந்தேகத்தின் விலையை, அந்தக் கடையில் ஆடப்போகிறவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பங்குபோட்டுக் கட்டப் போகிறார்கள்.

அவர் போகவில்லை. ஆனால் அந்த அழைப்பைச் சும்மா விடவும் இல்லை. பழைய மேனேஜரிடம் பேசி, செவ்வாய், வியாழன் ஃபீயைப் பதினைந்தாகக் குறைத்துக்கொண்டார்.

இங்கே நிறுத்தினால் இது அனுபவசாலியின் புத்திசாலித்தனத்தைப் புகழும் கட்டுரையாகிவிடும். அவருடைய கிளப்பிலிருந்து மூன்று பேர் அந்தப் புது இடத்துக்குப் போனார்கள். ஒருவர் இருபத்திரண்டு வயது, தொழிலுக்கு வந்து ஐந்து மாதம். அந்தப் பெண்ணின் ஷீட்டில் ஏழு பேர் கிடையாது, ஒருவர்கூடக் கிடையாது. திறப்பு விழாக் கூட்டம், ஃபீ இல்லாத தொண்ணூறு நாள், யாரும் யாருக்கும் ரெகுலர் ஆகாத ஒரு கடை. அந்தப் பெண்ணுக்கு அது சரியான இடம். நன்றாகச் சம்பாதித்தாள், திரும்பி வரவில்லை. மற்ற இருவரில் ஒருவர் கோடை முடிவதற்குள் பழைய மேனேஜரிடமே வந்து நின்றார். அவருக்கு வார நாள் பகல் ஷிஃப்ட்தான் கிடைத்தது.

பாரிஸில் மூலான் ரூஜ் 1889 அக்டோபரில் திறந்தபோது, ‘லா கூலு’ என்று ஊரே அழைத்த லூயிஸ் வெபர் எலிஸே மோன்மார்த்ர் நடனக்கூடத்தை விட்டு அங்கே போனார். புது முதலாளிகளுக்குக் கூட்டம் வேண்டும், கூட்டம் அவர் பின்னால் இருந்தது. 1891-ல் துலூஸ்-லொத்ரெக் வரைந்த போஸ்டரில் நடுவில் ஆடுவது அவர்தான். 1895-ல் அதையும் விட்டு, சந்தைத் திடலில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டார். அதன் முகப்புக்கும் லொத்ரெக்கே பெரிய ஓவியங்கள் வரைந்து கொடுத்தார். ஓவியங்கள் இப்போது ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கொட்டகை நிலைக்கவில்லை. 1929-ல் அவர் ஏழையாக இறந்தார். முதல் முறை புது இடத்துக்கு அவர் தேவைப்பட்டார். இரண்டாவது முறை புது இடமே அவர் தலையில் இருந்தது. இரண்டையும் நாம் ஒரே வார்த்தையில் துணிச்சல் என்கிறோம்.

போவது, இருப்பது இரண்டையும் தவிர வழியே இல்லையா? இருக்கிறது, அபூர்வமாக. லாஸ் ஏஞ்சலீஸின் வட ஹாலிவுட்டில் ‘ஸ்டார் கார்டன்’ என்ற கிளப்பின் நடனக்காரர்கள் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2023 மே மாதம் வாக்களித்து, நாடகக் கலைஞர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியில் சேர்ந்தார்கள். 17 வாக்கும் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். இதை அவருக்கு அனுப்பியபோது ஒரு கைதட்டல் இமோஜி வந்தது. பிறகு, “எங்க கிளப்புல பதினேழு பேரை ஒரே ரூம்ல உட்கார வைக்க முடியாது. நாற்காலி பத்துதான்.”

அந்த வருடமே எனக்கும் ஒரு ஆஃபர் வந்தது. ஒன்பது பேர் இருந்த புதுக் கம்பெனி. நான் எச்-1பி விசா. வேலை போனால் அறுபது நாளில் இன்னொரு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். அவரைப் போல நினைத்த ராத்திரி கிளம்பவும் முடியாது, அவரைப் போல மொத்த நஷ்டத்தையும் சுமக்கவும் வேண்டாம். சம்பளம், ஷேர் எல்லாம் பேசி முடித்த பிறகு ஒன்று கேட்டேன். கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும், அதற்குள் எத்தனை பேரை எடுப்பீர்கள்? அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். எனக்கு அங்கே ரெகுலர் யாரும் இல்லை. நான் போனேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ஷீட் எங்கள் இருவருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. போன வருடம் ஒருநாள் அதில் யாரோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. திறந்தேன். ‘மனைவி இறந்தவர்’ என்ற வரி சாம்பல் நிறமாகியிருந்தது. அந்த மழைக்காலத்தில் அவரும் போய்விட்டாராம். லாரிக்காரர் ரிட்டயர் ஆகி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஏழு ஐந்தாகியிருந்தது. ‘ஆற்றைத் தாண்டி வருவாரா?’ என்ற காலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு காலம் சேர்த்திருந்தார். தலைப்பு: ‘வயது’. ஐந்து பேருக்கும் நிரப்பியிருந்தார். ஆறாவதாக அவருடைய பெயரையே எழுதி, அதற்கு நேராக முட்டியின் வயதை மட்டும் போட்டிருந்தார். அறுபது.