முப்பத்திரண்டு வாய்கள்

வீட்டில் வளர்க்கும் உயிர்கள் யாவும் பசி வந்தால் ஏதேனும் ஒரு விதத்தில் அதனை நமக்கு அறிவித்துவிடுகின்றன. நாய் காலைச் சுற்றி வரும். கோழி அடுக்களை வாசலில் வந்து நிற்கும். தொட்டி மீன்கூட ஆள் நிழலைக் கண்டதும் கண்ணாடியண்டை கூடிவிடும். ஆனால் பசிக்கப் பசிக்க வாயை இறுக மூடிக்கொள்ளும் உயிரும் ஒன்று உண்டு என்பதைச் சிங்கப்பூரில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். கற்றுக்கொள்வதற்குள் அதன் முப்பத்திரண்டு வாய்களில் பதினொன்று மறுபடி திறக்கவேயில்லை.

அதன் பெயர் சூரியப் பவளம். அறிவியலார் அதனைத் தூபாஸ்திரேயா என்பர். கைக்கடக்கமான ஒரு கல் உருண்டை. அதன்மேல் குழல் குழலாய்க் கிளம்பி நிற்கும் ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்திற்குள்ளும் ஒரு சிற்றுயிர். அது விரியும்போது பொன்மஞ்சள் இதழ்களோடு கூடிய செவ்வந்திப் பூவைப் போலிருக்கும். பவள உயிர்களைக் கண்டபடி பிடித்து விற்கலாகாது என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின்படி, அனுமதிச் சீட்டுடன் இந்தோனேசியாவிலிருந்து வந்தது அது. நாங்கள் வாங்கிய கடையில், "இதற்கு ஒன்றும் வேண்டாம், நல்ல வெளிச்சம் போதும்" என்றார்கள். பெயரிலேயே சூரியன் இருக்கிறதே என்று நாங்களும் நம்பினோம். தொட்டியின் உச்சியில், விளக்கிற்கு நேர் கீழே அதனைக் குடியேற்றினோம்.

பெயரை நம்பியதுதான் பிழை. பவளப்பாறைகளைக் கட்டும் பெரும்பாலான பவள உயிர்கள் தங்கள் உடலுக்குள் நுண்ணிய பாசிகளுக்கு இடங்கொடுத்து வாழ்கின்றன. பாசி வெளிச்சத்தைக் கொண்டு உணவு சமைக்கிறது. வீடு கொடுத்தவருக்கும் அதில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது. சூரியப் பவளத்திற்கு அத்தகைய குடித்தனக்காரர் எவருமில்லை. கடலில் அது பாறை இடுக்குகளிலும், குகைகளின் விதானத்திலும், பாலங்களின் தூண்களிலும் நிழல் பார்த்து ஒதுங்கி, இருட்டிய பின் கைகளை விரித்து, நீரோட்டத்தில் வருகிற சிற்றுயிர்களைப் பிடித்துத் தின்று வாழ்கிறது. வெளிச்சம் அதற்குச் சோறு அல்ல. நிறம் சூரியனுடையது, பிழைப்போ இரவினுடையது.

இதை அறியாமல் ஏறக்குறைய நான்கு மாதம் அதனைப் பட்டினி போட்டோம். மூடியே கிடந்ததை உறக்கம் என்று எண்ணினோம். கிண்ணங்களின் ஓரத்தில் சதை உள்வாங்கி வெண்ணிற எலும்புக்கூடு தெரிந்தபோது அதனை வளர்ச்சி என்றே எண்ணிக்கொண்டோம் என்பதைச் சொல்ல இன்றும் நாணமாக இருக்கிறது. அந்த வெண்மையின் மீது பச்சைப் பாசி படர்ந்த பிறகுதான் ஐயம் பிறந்தது. புத்தகங்களைத் தேடிப் படித்த அன்றிரவு நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அதன்பின் உணவூட்டும் கலையை ஒவ்வொன்றாகக் கற்றோம். முதலில் கல்லை நிழலுக்கு மாற்றினோம். ஆனால் நீரோட்டம் நன்றாகப் படும் இடமாகப் பார்த்து வைத்தோம். உறைய வைத்து விற்கப்படும் மைசிஸ் என்னும் சிற்றிறாலில் ஒரு துண்டை எடுத்து, ஒரு கோப்பைத் தொட்டி நீரில் கரைய விடுவோம். அந்த நீரில் சில துளிகளை முதலில் பவளத்தின் மீது விடவேண்டும். அதுதான் அழைப்பு மணி. மூடிக் கிடக்கும் உயிர் உடனே எழுந்துவிடாது. கால் மணி நேரமோ அதற்கு மேலோ சென்று சதை மெல்லப் புடைத்து, கிண்ண விளிம்பில் மஞ்சள் இழைகள் எட்டிப் பார்க்கும். அப்போது பம்பை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சினால் ஒவ்வொரு வாயருகிலும் ஒவ்வோர் இறாலாக வைக்கவேண்டும். எல்லாம் அடியில் ஒன்றாய் ஒட்டியிருப்பினும் ஒருவர் உண்டால் மற்றவர் பசி தீர்ந்துவிடுவதில்லை. முப்பத்திரண்டு வாய்க்கும் முப்பத்திரண்டு முறை ஊட்டியாக வேண்டும். எங்களுக்கு அப்போது இருபத்தொன்றே மிஞ்சியிருந்தது.

இதிலே திருடரும் உண்டு. தொட்டியைத் துப்புரவு செய்வதற்கென்று நாங்களே வாங்கி விட்ட இறால், பவளம் பிடித்த உணவை அதன் வாய்க்குள்ளிருந்தே பிடுங்கித் தின்றது! பவளத்தின் கை மெதுவானது. இறாலைப் பற்றி, மடங்கி, நடுவிலுள்ள வாய்க்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே ஒரு பிளாஸ்டிக் புட்டியின் அடியை வெட்டியெறிந்துவிட்டுப் பவளத்தின் மேல் கூடாரம்போல் கவிழ்த்து, புட்டியின் கழுத்து வழியாக ஊட்டினோம். அரைமணி கழித்துக் கூடாரத்தை எடுத்து, சிந்தியவற்றை உறிஞ்சி வெளியேற்றி, பம்பை ஓடவிட்டால் ஒரு வேளை முடிந்தது. ஒன்றுவிட்டு ஒருநாள் இதைச் செய்தோம். சில வாரங்களில் எங்கள் நேரம் அதற்குப் பழகிவிட்டது. மாலை ஏழு மணிக்கு, அழைப்பு மணிக்கும் காத்திராமல் தானே மலரத் தொடங்கியது.

இத்தனை உணவு கொட்டினால் நீர் கெடும். நைட்ரேட் ஏறும், கண்ணாடியெல்லாம் பாசி. வாரந்தோறும் நீர் மாற்றுவதும், உப்பு கரைப்பதும், நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவியைக் கழுவுவதும் எங்கள் ஞாயிறு மாலைகளை விழுங்கின. சிங்கப்பூர் வெப்பத்தில் தொட்டி நீரை 25, 26 பாகையில் நிறுத்தக் குளிரூட்டி வேறு. மின்கட்டணச் சீட்டு வந்த மாதம் வீட்டில் வாக்குவாதம் நடந்தது. "நீங்கள் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன்", "நீ போட்டிருப்பாய் என்று நினைத்தேன்" என்கிற பேச்சும் அடிக்கடி எழுந்தது. யார் சொன்னது எது என்பதை எழுத வேண்டியதில்லை. இருவரும் இரண்டையும் சொல்லியிருக்கிறோம்.

இந்நிலையில்தான் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து பெரியவர் வந்து சேர்ந்தார். எங்களில் ஒருவருக்கு அப்பா, மற்றவருக்கு மாமா. இளமையில் சங்கு குளித்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அத்தை காலமாகியிருந்தார். தனியாக இருக்கவேண்டாம் என்று அழைத்தோமே தவிர, பதினான்காவது மாடியில் அவருக்குச் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. காலையில் நாங்கள் வேலைக்கும் பையன் பள்ளிக்கும் போய்விட்டால் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கும். கேட்டால், "பசியில்லை மாப்பிள்ளை" என்பார். மகளிடம் அதையும் சொல்வதில்லை.

முதல் வாரம் ஒரு மாலை, சிரிஞ்சும் கையுமாக நாங்கள் குனிந்து நிற்பதைக் கண்டு அருகே வந்தார். சற்று நேரம் பார்த்தார்.

"இது முருகைக்கல்லு அல்லவா? இதுக்கா சோறு ஊட்டுதிய?"

சிரிப்பாணி பொங்கியது அவருக்கு. வந்த நாள் முதல் அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோப்பைக்குள் விரலை விட்டு ஓர் இறாலை எடுத்துப் பார்த்து, "கூனி" என்று தீர்ப்புச் சொன்னார். மறுநாள் முதல் சிரிஞ்சு அவர் கைக்குப் போயிற்று. மாலை ஐந்து மணிக்கே கூனியைக் கரைய விட்டுவிடுவார். எண்ணி எண்ணி ஊட்டுவார். பின்பக்கம் பாறையை ஒட்டி, எங்கள் கண்ணில் படாதிருந்த ஒரு சிறு கிண்ணத்திற்குச் சிரிஞ்சின் முனையில் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தித் தனியாக ஊட்டினார்.

மூன்றாவது வாரம் மூன்று வாய்கள் காரணமின்றி மூடிக்கொண்டன. நீரைச் சோதித்தோம், குறை எதுவும் தெரியவில்லை. பெரியவர் நடுநிசியில் எழுந்து கைவிளக்கோடு தொட்டி முன் உட்கார்ந்தார். விடியுமுன் எங்களை எழுப்பி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு சென்டிமீட்டரும் தேறாத மஞ்சள் நத்தை ஒன்று. எபிடோனியம் என்னும் இனத்தைச் சேர்ந்த அது சூரியப் பவளத்தையே தின்று வாழ்வது. அதன் முட்டைக் குவியலும் பவளத்தின் நிறமே. பகலில் எத்தனை உற்றுப் பார்த்தாலும் தெரியாது. "சங்கைத் தேடின கண்ணுக்கு இது ஒரு பொருட்டா?" என்றார். மூடிய மூன்றில் இரண்டு பிழைத்தன. ஒன்று போயிற்று. அன்று காலை அவர் மூன்று இட்லி உண்டார் என்பது எங்கள் நினைவில் நிற்கிறது.

பிறகொரு மாலை, ஊட்டிக்கொண்டே, தொட்டியைப் பார்த்தபடி பேசினார். சங்கு குளிப்பு இல்லாத மாதங்களில் வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் முருகைக்கல் பெயர்த்து வருவார்களாம். சுண்ணாம்புக் காளவாய்க்கு ஒரு பங்கு, வீட்டு அடித்தளத்திற்கு ஒரு பங்கு. "உயிர் உள்ளதுன்னு யாரு கண்டா? கல்லுன்னுதானே பேரு" என்றார். விலங்குசல்லித் தீவில் இறங்கிக் கஞ்சி குடித்திருக்கிறாராம். அத்தீவு இன்று கடலுக்கு மேலே இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நீரில் மூழ்கிப்போன இரண்டில் அது ஒன்று. அலையைத் தடுத்து நின்ற பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததே அதற்குப் பெருங்காரணமாகச் சொல்லப்படுகிறது. அருகிலுள்ள வான் தீவும் அரித்துச் சுருங்கியதால் 2015-ஆம் ஆண்டு முதல் அதனைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினார்கள். இவற்றை நாங்கள் படித்து அறிந்திருந்தோம். ஆனால் படித்ததைச் சொல்லும் இடம் அதுவன்று என்று பேசாதிருந்தோம். அவர் அடுத்த வாய்க்கு அடுத்த கூனியை வைத்தார்.

ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியதும் பையன், பவளத்தில் ஒரு துண்டைத் தாத்தாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று அடம்பிடித்தான். இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள காவல் அவற்றிற்கும் உண்டு. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இதனைப் படிக்கும் வாசகர்களில் எவருக்கேனும் ஆசை எழுமாயின் இதை நினைவிற் கொள்க. "அப்படியானால் தாத்தா அதைக் கடலில் விட்டுவிடட்டுமே" என்றான் பையன். அதுவும் ஆகாது. பசிபிக், இந்து மாக்கடல்களுக்குரிய இவ்வினம் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு போனதாகக் கருதப்படுகிறது; 1943-இல் கரீபியக் கடலில் காணப்பட்டது. 1980-களின் இறுதியில் பிரேசில் நாட்டின் எண்ணெய் மேடைகளில் தென்பட்டு, அங்குள்ள பாறைகளில் பரவி, உள்ளூர்ப் பவளங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தொட்டியில் ஊட்டிவிட்டால்தான் உண்ணும் என்று நாம் இரங்கும் உயிர், கடலில் அத்தனை வல்லமை உடையது! பையனுக்கு இதில் பாதி புரிந்திருக்கலாம். தாத்தா அவன் தலையைத் தடவி, "எனக்கு எதுக்குலே? நான் போன் போட்டுக் கேட்டுக்கிடுதேன்" என்றார்.

சொன்னபடியே செய்கிறார். எங்களுக்கு மாலை ஏழு மணியானால் அவருக்கு நாலரை. அந்நேரம் தொலைபேசி மணி அடிக்கும். எங்கள் நலத்தை அவர் முதலில் கேட்பதில்லை. "கூனி போட்டாச்சா? எத்தனை திறந்துச்சு?" என்பார். நன்றாக உண்டதால் கல்லின் அடியில் புதிய மொட்டுகள் கிளம்பி, எண்ணிக்கை இப்போது இருபத்தாறு. நாங்களும் பதிலுக்கு, மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்போம். குழம்பு என்ன, மீன் என்ன என்று விவரமாகச் சொல்லவேண்டும்; "சாப்பிட்டேன்" என்ற ஒற்றைச் சொல்லை ஏற்பதில்லை என்று அவரோடு ஓர் உடன்பாடு.

சென்ற மாதம் ஒருநாள் இருவருக்கும் அலுவலகத்தில் தாமதமாகிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போதே மணி அடித்தது. "இருபத்தாறும் திறந்துச்சா?" என்றார். களைப்பில், "திறந்தது அப்பா, எல்லாம் சாப்பிட்டன" என்று சொல்லிவிட்டோம். "மத்தியானம் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?" என்றோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சாளைக் குழம்பு, நல்லாத்தான் சாப்பிட்டேன்" என்றார். போனை வைத்த பிறகு அந்தச் சற்று நேரம் எங்களை உறங்கவிடவில்லை. இரவு பதினொரு மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல், ஒருவர் கூனியைக் கரைக்க மற்றவர் பம்பை நிறுத்தினோம். காலையில் அவரை அழைத்து உள்ளதைச் சொன்னோம். "எனக்குத் தெரியும்" என்றார். "நேற்று நானும் வெறும் காப்பிதான்."